கடிக்கும் பொம்மை வியாபாரமும் நமது பொறுப்பும்



தீவனக் கடையாகட்டும், ஃபேன்ஸி கடையாகட்டும், பெரிய பலசரக்குக் கடையாகட்டும், இன்று எங்கே நுழைந்தாலும் ஒரு மூலையில் வளர்ப்புப் பிராணிகளுக்கான சாமான்கள் தொங்குவதைக் காண்கிறோம். ஒரு காலத்தில் நாய்ச் சங்கிலி, லவ் பேர்ட்ஸ் கூண்டு, மீனுக்குப் போடும் தீனி என்ற அளவோடு இந்த வியாபாரம் முடிந்துவிடும். இப்போது முயல், வெள்ளெலி, கினிப்பன்றி எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டன. அவற்றுக்குத் தட்டு, தண்ணீர்ப் புட்டி, படுக்கைத் தூள், கடைசியாகக் கடித்து விளையாடப் பொம்மை. மேலூர், நத்தம், சிங்கம்புணரி என்று நம் கொட்டாம்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து சரக்கு எடுக்க வரும் சில்லறை வியாபாரிகள் இந்தப் பொம்மைகளைக் கேட்டு வாங்குகிறார்கள். கலர் எப்படி, டசன் என்ன விலை, உடைந்தால் மாற்றித் தருவீர்களா என்றெல்லாம் விசாரிப்பார்கள். இது எந்த மரம், என்ன பெயிண்ட் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு பிராணி நாள் முழுக்க வாயில் வைத்துக் கொறிக்கப் போகிற பொருளுக்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது நமது கருத்து.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். "சின்சிலாவுக்குக் கடிக்கிற கட்டை இருக்கா?" என்று ஒருவர் கேட்டால், நம் பக்கத்தில் அவர் பெரும்பாலும் முயலைத்தான் சொல்கிறார். சோவியத் சின்சிலா என்பது சாம்பல் நிற ரோமம் உள்ள ஒரு முயல் இனம். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருக்கும் மத்திய அரசின் செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி மையத்தில் வெள்ளை ஜெயன்ட் முயலோடு இந்தச் சோவியத் சின்சிலா முயலையும் வளர்க்கிறார்கள். முயல் பண்ணை வைத்திருப்பவர்கள் இந்தப் பெயரைச் சர்வசாதாரணமாகப் பயன்படுத்துவார்கள். அசல் சின்சிலா வேறு பிராணி. தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலையின் உயரமான, குளிர்ந்த, வறண்ட பாறைப் பகுதிகளில் வாழும், அணிலைவிடச் சற்றுப் பெரிய கொறிக்கும் பிராணி அது. அதன் ரோமம் மிக அடர்த்தியானது. அந்தத் தோலுக்காக வேட்டையாடி ஏறக்குறைய இனத்தையே அழித்துவிட்டார்கள். 1923-இல் சேப்மன் என்ற அமெரிக்கச் சுரங்க எஞ்சினீயர் சிலி நாட்டிலிருந்து சில சின்சிலாக்களைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய் வளர்த்தார். இன்று உலகெங்கும் வீடுகளில் இருக்கும் சின்சிலாக்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. ரோமத்தின் நிறம் ஒத்துப் போனதால் முயலுக்கு அதன் பெயரை வைத்துவிட்டார்கள்.

எது வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் தெளிவாகக் கேட்டுக் கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும். ஆனால் கடிக்கும் பொருள் விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே பிரச்சனைதான், அது பல். நமக்குப் பல் ஒரு தடவை முளைத்தால் அதோடு சரி. சின்சிலாவுக்கும் முயலுக்கும் ஆயுள் முழுவதும் பல் வளர்ந்து கொண்டே இருக்கும். முயலின் முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். முன்பல் மட்டுமல்ல, கடைவாய்ப் பல்லும் வளரும். தேய்மானம் சரியாக இல்லாவிட்டால் பல் வளைந்து நாக்கிலும் கன்னத்திலும் குத்தும். பிராணி தீனியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும், தின்ன முடியாது. தாடை நனைந்து, எச்சில் வழிந்து, உடம்பு இளைக்கும். முயல் ஒரு நாள் முழுக்கத் தீனி எடுக்காமல் இருந்தாலே குடல் இயக்கம் நின்று உயிருக்கு ஆபத்தாகிவிடும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் தீவனம் விற்பவர்கள் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல்லைத் தேய்ப்பது முக்கியமாகப் புல்தான். நார் நிறைந்த உலர்ந்த புல்லை மணிக்கணக்கில் அரைத்து அரைத்துத் தின்னும்போதுதான் கடைவாய்ப் பல் தேய்கிறது. கட்டையைக் கொறிப்பது முன்பல்லுக்கு உதவும், கூண்டுக்குள் சும்மா கிடக்கும் பிராணிக்குப் பொழுது போகும், கூண்டுக் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக் கொள்வதும் குறையும். அதற்கு மேல் கட்டையிடம் எதிர்பார்க்கக் கூடாது. "இதைப் போட்டால் பல் பிரச்சனையே வராது" என்று சொல்லி நூறு ரூபாய்ப் பொம்மையை விற்றுவிட்டு, புல்லைப் பற்றி வாய் திறக்காமல் அனுப்புவது நியாயமான வியாபாரம் ஆகாது. வெறும் குருணைத் தீவனத்தை மட்டும் போட்டு முயல் வளர்ப்பவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அவர்களுக்குப் புல்லின் அவசியத்தைச் சொன்னால் நமக்கும் ஒரு புதுச் சரக்கு ஓடும். குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து அதிகம், வளர்ந்த முயலுக்கு அதை மட்டுமே போடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லி விட்டால் நல்லது.

இனி பொம்மைக்கு வருவோம். சந்தையில் இப்போது ஓடுவது பெரும்பாலும் நான்கைந்து வகைதான். கலர் அடித்த மரக்கட்டைகளைக் கம்பியில் கோத்துத் தொங்க விடுவது ஒன்று. பிளாஸ்டிக், ரப்பர் உருண்டை ஒன்று. கயிறு முறுக்கிச் செய்தது ஒன்று. உப்புக் கட்டி, சுண்ணாம்புக் கட்டி என்று கலர் கலராக அச்சில் வார்த்தது இன்னொன்று. அப்புறம் எதுவும் பூசாத குச்சிகள், ஓலைப் பந்துகள். கடைசியாகச் சொன்னதுதான் விலையிலும் கண்ணுக்கும் மிகச் சாதாரணம், பிராணிக்கு மிக நல்லதும் அதுவே. வேடிக்கை என்னவென்றால் கடையில் அதுதான் கீழ்த் தட்டில் தூசி படிந்து கிடக்கும்.

கலர் அடித்த கட்டையில் பயப்பட வேண்டியது பெயிண்டில் கலந்திருக்கக் கூடிய ஈயம். பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு நிறங்களுக்கு ஈயச் சேர்மங்களைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-இல் விதி கொண்டு வந்தது. 2017 நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்த விதி வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்டுகளுக்குத்தான். இரும்புச் சாமானுக்கு அடிக்கும் தொழிற்சாலைப் பெயிண்ட் அதற்குள் வராது. ஒரு சிறு பட்டறைக்காரர் மலிவாகக் கிடைத்த டப்பாவைத் திறந்து கட்டைக்கு அடித்துவிட்டால், வெளியிலிருந்து பார்த்து யாரால் கண்டுபிடிக்க முடியும்? 2007-ஆம் ஆண்டில் மேட்டல் என்ற உலகப் பெரிய பொம்மைக் கம்பெனியே சீனாவில் செய்து வந்த பொம்மைகளில் ஈயப் பெயிண்ட் இருந்ததால் லட்சக்கணக்கில் திரும்ப வாங்க நேர்ந்தது. அதே ஆண்டில்தான் அமெரிக்காவில் நாய், பூனைத் தீவனங்களில் மெலமின் கலந்து ஏராளமான பிராணிகள் சிறுநீரகம் கெட்டு இறந்தன. அதுவும் சீனாவிலிருந்து போன கோதுமைப் பசையில் வந்த வினைதான். பெரிய கம்பெனிகளின் சோதனைக் கூடங்களைத் தாண்டி வந்த சரக்கு இது. லேபிளே இல்லாத பாக்கெட்டை நாம் எந்த நம்பிக்கையில் வாங்குகிறோம்?

பெயிண்ட் இல்லாவிட்டால் மட்டும் போதாது, மரமும் பார்க்க வேண்டும். ஒட்டுப்பலகை, மரத்தூள் பலகை இவற்றின் துண்டுகளில் ஃபார்மால்டிஹைடு சேர்ந்த பசை இருக்கும், அவை வேண்டவே வேண்டாம். வாசனை அடிக்கும் செடார் மரத்தைக் கொறிக்கும் பிராணிகளுக்குத் தரக் கூடாது. பைன் மரத்தைச் சூளையில் நன்றாக உலர்த்தியிருந்தால் தரலாம், பிசின் வாசனை தூக்கலாக அடித்தால் தள்ளிவிட வேண்டும். பைன் என்றதும் இன்னொரு விஷயம் ஞாபகத்துக்கு வருகிறது. வெளிநாட்டிலிருந்து மெஷின் வரும் பெட்டிகளை உடைத்து, அந்தப் பலகையை அறுத்து, இழைத்து, 'இயற்கை மரம்' என்று பாக்கெட் போடுவது சுலபமான காரியம். அந்தப் பெட்டிகளில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு முத்திரை குத்தியிருக்கும். பக்கத்தில் நாட்டின் குறியீட்டோடு 'எச்.டி.' அல்லது 'எம்.பி.' என்ற எழுத்துகள் இருக்கும். எச்.டி. என்றால் சூடேற்றிப் பூச்சியைக் கொன்ற மரம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற விஷப் புகை போட்ட மரம். அறுத்து இழைத்த பிறகு முத்திரை எங்கே இருக்கும்? எச்.டி. மரமாகவே இருந்தாலும் அந்தப் பெட்டியில் வழியில் எண்ணெய் சிந்தியதா, மருந்து சிந்தியதா என்பது யாருக்கும் தெரியாது. பழைய பேக்கிங் பலகையில் செய்த கடிக்கும் கட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுவதே உத்தமம்.

பிளாஸ்டிக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முயலுக்கும் சரி, சின்சிலாவுக்கும் சரி, எலிக்கும் சரி, வாந்தி எடுக்கும் சக்தி கிடையாது. விழுங்கிய துண்டு உள்ளே போய் அடைத்துக் கொண்டால் திரும்பி வர வழியில்லை. நாய்க்கென்று செய்த ரப்பர் எலும்பை முயலுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டால், கூடாது என்பதே பதில். நாய் கடிக்கிற விதம் வேறு, கொறிக்கும் பிராணி துகள் துகளாக அரிந்து எடுக்கிற விதம் வேறு.

நம் ஊர்ப் பொருள் என்பதற்காக எல்லாவற்றையும் சிபாரிசு செய்யவும் முடியாது. சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி வட்டாரம் கயிற்றுக்குப் பெயர் போனது. தென்னை நார்க் கயிற்றில் பொம்மை முறுக்கித் தந்தால் நன்றாக ஓடுமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். நார் நீளம் நீளமாகப் பிரிந்து வயிற்றுக்குள் சுருண்டு கொள்ளும், சிறு கால்களில் சுற்றியும் இறுக்கும். ரப்பர் பால் தெளித்து அழுத்திய நார் மெத்தைத் துண்டு இன்னும் மோசம். கொட்டாங்கச்சியை உள்ளே வழித்து, வெளியே நாரைச் சுத்தமாகச் சுரண்டி, ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்துக் கொடுத்தால் பதுங்கி விளையாட அருமையான பொருள். நார் பிரித்த பிறகு மிஞ்சும் ஓடு நம் பக்கத்தில் கரிக்குத்தான் போகிறது.

நம் வட்டாரத்திலேயே கிடைக்கும் நல்ல சரக்கு என்று நாம் கருதுபவற்றைச் சொல்கிறோம். கொடைக்கானல் மலையில் பேரிக்காய் மரங்கள் உண்டு. கவாத்து செய்யும்போது வெட்டிப் போடும் குச்சிகள் விறகுக்குத்தான் போகின்றன. மேல்நாட்டில் ஆப்பிள் குச்சியும் பேரிக் குச்சியும் சின்சிலாவுக்கும் முயலுக்கும் முதல் தரமான கடிக்கும் பொருளாக அழகான பாக்கெட்டில் விற்கப்படுகின்றன. ஆனால் அதே கொடைக்கானலில் பிளம்ஸ், பீச் மரங்களும் இருக்கின்றன. கொட்டை உள்ள பழவகை மரங்களின் குச்சியைக் கொறிக்கும் பிராணிகளுக்குத் தரக் கூடாது என்பது பொதுவான எச்சரிக்கை. கட்டுக் கட்டாக வரும்போது பேரியோடு பிளம்ஸ் கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. தோட்டக்காரரிடம் நேரில் பேசி, பேரிக் குச்சி மட்டும் தனியாக வெட்டி வாங்க ஏற்பாடு செய்தால்தான் இந்தச் சரக்கில் இறங்கலாம்.

அதைவிடச் சுலபமானது மல்பெரி. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் இலை பறித்த பிறகு குச்சியை என்ன செய்வதென்று தெரியாமல் குவித்து வைத்திருப்பார்கள். பட்டுப்புழு தின்ன வேண்டிய இலை என்பதால் மருந்து அடிப்பதில் மற்ற விவசாயிகளைவிட அவர்கள் கவனமாக இருப்பார்கள். மருந்து அடித்த இலையைப் போட்டால் புழு செத்துப் போகும், அவர்களுக்கே நஷ்டம். இருந்தாலும் கடைசியாக எப்போது என்ன மருந்து அடித்தீர்கள் என்று கேட்டு எழுதி வைத்துக் கொள்வது நல்லது. குச்சியைக் கழுவி, கொதிநீரில் போட்டு எடுத்து, நல்ல வெயிலில் முறுகக் காயவைத்து, ஈரம் படாமல் வைக்க வேண்டும். பூசணம் பிடித்த குச்சியை விற்கக் கூடாது. பங்குனி, சித்திரை வெயில் நமக்குக் காசு வாங்காமல் செய்து தரும் வேலை இது.

பனை ஓலையை மறந்துவிடக் கூடாது. நம் பிள்ளைகள் ஆட்டி விளையாடிய ஓலைக் கிலுகிலுப்பை இருக்கிறதே, உள்ளே கல்லும் விதையும் போடாமல், சாயம் தோய்க்காமல் பின்னினால் அதைவிட நல்ல முயல் பொம்மை எங்கும் கிடைக்காது. வெளிநாட்டு இணையக் கடைகளில் ஓலைப் பந்து என்று விற்பதும் இதே சங்கதிதான். ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டக் கரையோர ஊர்களில் ஓலை முடையும் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். ஓலைப் பெட்டிக்கு இருந்த மவுசு பிளாஸ்டிக் வந்தபின் குறைந்து போனது. மாதம் ஆயிரம் பந்துக்கு ஆர்டர் கொடுத்தால் சில குடும்பங்களுக்குக் கைவேலை கிடைக்கும். சாயம் போட்டால்தான் அழகு என்று அவர்கள் சொல்வார்கள். சாயம் இல்லாமல்தான் வேண்டும் என்று வாங்குகிற நாம்தான் விடாப்பிடியாகச் சொல்ல வேண்டும்.

அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான், கர்நாடகத்துச் சென்னபட்டணப் பொம்மை போன்றவற்றில் கடைசல் மரத்தில் அரக்கு ஏற்றுவது பழைய முறை. குழந்தைகளுக்கு அருமையானவை. அரக்கை நாள் முழுக்கக் கொறிக்கும் பிராணிக்கு அதுவும் தேவையில்லை. அந்தக் கடைசல்காரர்களிடமே பூச்சு இல்லாத வெறும் மரத்தில் கேட்கலாம், எந்த மரம் என்று எழுதி வாங்கிக் கொண்டு.

தெரியாத குச்சி எதுவும் கூடாது. பால் வடியும் செடிகளைக் கிட்டவே சேர்க்க வேண்டாம். அரளி முழுவதுமே விஷம் என்பது நம் கிராமத்துப் பிள்ளைக்கும் தெரியும். நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில் வரிசையாக நிற்பது பெரும்பாலும் அந்த அரளிதான். கவாத்து செய்து போட்ட குச்சியைப் பொறுக்கி வந்து எவனோ ஒருவன் கட்டு கட்டாக விற்க வந்தால், காய்ந்த பிறகு அது அரளியா மல்பெரியா என்று நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? காய்ந்தாலும் அதன் விஷம் போகாது. ஆகவே வாசலில் வந்து கொடுக்கிறவனிடம் குச்சி வாங்கக் கூடாது.

"இவ்வளவு ஆராய்ச்சி செய்தால் வியாபாரம் நடக்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நம்முடைய நீண்டகால நண்பர் ஒருவர், ஃபேன்ஸி மொத்த வியாபாரி, நேரிலேயே சொன்னார்: "நாம வேண்டாம்னா பக்கத்துக் கடைக்காரன் விக்கிறான், அவனும் வேண்டாம்னா இணையத்துல வாங்கிக்கிறான். நமக்குத்தான் நஷ்டம்." அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. இணையத்தில் நம்மைவிடக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் விலையில் அவர்களோடு நாம் என்றைக்கும் போட்டி போட முடியாது. கடைக்காரரைத் தெரியும், கேட்டால் பதில் சொல்வார், கெட்டால் போய் நிற்கலாம் என்பதற்காகத்தான் வாடிக்கையாளர் நம்மிடம் வருகிறார். அந்தப் பதிலே நம்மிடம் இல்லை என்றால் அவர் ஏன் வெயிலில் கடைக்கு நடந்து வர வேண்டும்?

சென்ற கோடையில் நடந்தது ஒன்று. நத்தம் பக்கத்துச் சில்லறை வியாபாரி ஒருவர் ஒரு பாக்கெட்டைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தார். நம்மிடம் எடுத்த சரக்கு அல்ல, வேறிடத்தில் எடுத்தது. "அண்ணாச்சி, இது என்ன பெயிண்ட்டுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். அவருடைய வாடிக்கையாளர் வீட்டு முயல் இரண்டு நாளாகத் தின்னவில்லை, வாயோரம் சிவப்பாக இருந்தது, மருத்துவரிடம் தூக்கிப் போயிருக்கிறார்கள். பொம்மைதான் காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. என்ன பெயிண்ட், யார் செய்தது என்று மட்டும் கேட்டிருக்கிறார். பாக்கெட்டில் ஒரு முயல் படமும் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தையும் தவிர எதுவும் இல்லை. செய்தவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை. சரக்குக் கொடுத்தவருக்கு அங்கேயே போன் போட்டுக் கேட்டோம். "அதெல்லாம் டெல்லியிலிருந்து வருதுங்க, தெரியாது" என்று வைத்துவிட்டார். ஒரு கட்டையை டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தோம். தேநீர் குடித்து முடிப்பதற்குள் தண்ணீர் ரோஜா நிறமாகிவிட்டது. முயல் பிழைத்துக் கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். "தம்பி, மிச்சத்தை என்ன செய்யப் போறே?" என்று கேட்டதற்கு, "அடுப்புல போட்டாலும் புகை நல்லதில்லை அண்ணாச்சி, குப்பையிலதான் போடணும்" என்றார். அவருக்கு எட்டு டசன் நஷ்டம்.

இதில் சட்டமும் இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று 2020-இல் மத்திய அரசு உத்தரவு போட்டு, 2021 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்துவிட்டது. பிராணிகளுக்கான பொம்மை அந்த உத்தரவில் வராது. ஆகவே முத்திரை இல்லை என்பதால் மட்டும் நம் மீது யாரும் வழக்குப் போட முடியாது. ஆனால் முத்திரை இல்லாத இந்தக் கலர் கட்டைகளைக் குழந்தைப் பொம்மைகளுக்குப் பக்கத்தில் தொங்கவிடுவது வம்பை விலைக்கு வாங்குவதாகும். கடைக்கு வரும் குழந்தை எடுத்து வாயில் வைக்கும், அதிகாரி வந்தாலும் இது எந்தப் பொம்மை என்று விளக்கிக் கொண்டிருக்க வேண்டி வரும். வேறு தட்டில் வையுங்கள்.

பொட்டலச் சரக்குக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகள் பிராணிப் பொம்மைக்கும் பொருந்தும். பாக்கெட்டில் செய்தவர் அல்லது பொட்டலம் போட்டவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும், இறக்குமதி என்றால் எந்த நாடு என்பதும், மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் செய்ய வேண்டிய தொடர்பு விவரமும் இருக்க வேண்டும். நாமே மல்பெரிக் குச்சியைப் பாக்கெட் போட்டாலும் இதே விதிதான், பொட்டலம் போடுகிறவராக எடையளவுத் துறையில் பதிவும் செய்ய வேண்டும். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கெட்ட பொருளால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்து, அதைச் செய்தவர் யார் என்றே தெரியாவிட்டால், விற்றவர் பொறுப்பேற்க வேண்டி வரும். சரக்கைப் பரிசோதிப்பதில் நியாயமான கவனம் காட்டாவிட்டாலும் அப்படியே. பெயர் இல்லாத பாக்கெட்டை வாங்கி விற்கும்போது, செய்தவன் தலையில் இருக்க வேண்டிய பாரத்தை நாமே எடுத்துத் தோளில் வைத்துக் கொள்கிறோம். டசனுக்குப் பத்து, இருபது ரூபாய் கூடுதல் லாபத்துக்கு இது கட்டுப்படியாகுமா என்று ஒவ்வொருவரும் கணக்குப் பார்த்துக் கொள்ளலாம்.

அசல் சின்சிலாவைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். பெரிய நகரங்களில் அது பணக்கார வீட்டுப் பிராணியாகி வருகிறது, நம் பக்கமும் விசாரிப்பு வந்திருக்கிறது. சுமார் 27 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் அதற்கு வெப்பத் தாக்குதல் வரும் அபாயம் உண்டு. அத்தனை அடர்ந்த ரோமம் போர்த்திய பிராணி அது. நமக்கோ கோடையில் 40 டிகிரி சாதாரணம், மார்கழியில்கூடப் பகலில் 27-ஐத் தாண்டும். ஆண்டு முழுவதும் ஏ.சி. ஓட வேண்டும், கரண்ட் போனால் மாற்று ஏற்பாடு வேண்டும். மதுரைச் சமவெளியில் அதை விற்பது அந்தப் பிராணிக்குச் செய்யும் கொடுமை என்றே நாம் நினைக்கிறோம். சட்டச் சிக்கலும் உண்டு. காட்டுச் சின்சிலா சர்வதேச ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. பண்ணையில் வளர்த்த வகைக்கு அதில் விலக்கு இருந்தாலும், வெளிநாட்டிலிருந்து கொண்டுவர அனுமதி வேண்டும். நம்மிடம் இருப்பது எந்த வகை என்று நிரூபிக்கும் காகிதமும் நம்மிடம்தான் இருக்க வேண்டும். வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்வதற்கான விதிகள் 2024-இல் வந்துள்ளன. பிராணிகளை விற்கும் கடைகள் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். சாமான் மட்டும் விற்பவருக்கு அந்தப் பதிவு தேவையில்லை. நாம் சாமானோடு நிற்பதே நல்லது. ஏற்கெனவே சின்சிலா வைத்திருக்கும் வாடிக்கையாளர் வந்தால் நல்ல குச்சியும் உலர்ந்த புல்லும் கொடுப்போம், ஏ.சி. ஓடுகிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்போம்.

நமது சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள். தேனியில் 2020-இல் தொடங்கப்பட்ட அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் மன்னவனூர் மையத்துக்கும் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதி, நம் நாட்டு மரங்களில் எவற்றின் குச்சியை முயலுக்கும் மற்ற கொறிக்கும் பிராணிகளுக்கும் தரலாம், எவற்றைத் தரக் கூடாது என்று ஒரு பட்டியல் கேட்டு வாங்க வேண்டும். இன்று நமக்குக் கிடைக்கும் பட்டியல்கள் எல்லாம் ஆப்பிள், வில்லோ, ஹேசல் என்று மேல்நாட்டு மரங்களையே சொல்கின்றன. வேம்பு, புளி, கொய்யா, முருங்கை என்று நம் வாடிக்கையாளர்கள் தினமும் கேட்கிறார்கள், நாம் விழிக்கிறோம். பட்டியல் வந்ததும் இந்த இதழிலேயே அச்சிட்டு, அட்டையில் ஒட்டி ஒவ்வொரு கடையிலும் தொங்கவிடலாம்.

இரண்டாவது, கொள்முதலில் ஒரு பொதுக் கட்டுப்பாடு. பெயரும் முகவரியும் இல்லாத பாக்கெட், தண்ணீரில் சாயம் போகும் கட்டை, எந்த மரம் என்று பில்லில் எழுதித் தர மறுக்கும் சரக்கு, இந்த மூன்றையும் உறுப்பினர் எவரும் வாங்குவதில்லை என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டால், ஒருவர் மறுத்து இன்னொருவர் வாங்கும் நிலை வராது. சப்ளையர்கள் முதல் மாதம் முறுக்கிக் கொள்வார்கள். ஒரு வட்டாரமே சேர்ந்து கேட்டால் மூன்றாவது மாதம் லேபிளோடு வருவார்கள். எடையளவு விதி வந்த புதிதில் மற்றச் சரக்குகளில் அப்படித்தான் நடந்தது. கையில் ஏற்கெனவே பெயரில்லாத பாக்கெட் வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்கு ஒரு மாதிரி கொண்டு வரட்டும். ஒரு வாளித் தண்ணீரும் வெள்ளைத் துணியும் அங்கே இருக்கும்.